எதிர்வாசலிலிருந்து பின்னிய சடை

எனக்கு ஞாபகசக்தி அதிகம் என்று சொல்கிறவர்கள், எனக்கு எதெல்லாம் மறந்துபோகும் என்பதைப் பார்த்ததில்லை. வங்கி அட்டையின் ரகசிய எண் மறந்துபோகும். பள்ளியில் படித்த சூத்திரம் ஒன்றுகூட மிச்சமில்லை. ஆனால் நான் ஆறாவது படிக்கும்போது மழைக்காக விடுமுறை விட்ட ஒரு நாளில் எங்கள் வீட்டில் என்ன குழம்பு, சாப்பிடுகிற நேரம் பார்த்து வந்து நின்றவர் யார், அவர் நனைந்த செருப்பை எங்கே கழற்றிவிட்டார், அதைப் பார்த்து அம்மா எப்படி முகத்தைச் சுளித்தாள் என்பதெல்லாம் அப்படியே இருக்கிறது. இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. சிலர் வீட்டில் பழைய டப்பாவைக்கூட எறிய மாட்டார்கள். என் தலைக்குள்ளும் அதே பழக்கம்தான்.

சொந்தக்காரர்களுக்கு இது தொல்லை. மாட்டுங்காவில் ஒரு கல்யாண வரவேற்பில் என் மாமா, ஊரெல்லாம் வெள்ளமாக இருந்த அன்று குர்லாவிலிருந்து கழுத்தளவு தண்ணீரில் நடந்தே வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். நான் சாதாரணமாகத்தான் சொன்னேன்: "இல்லையே மாமா, அன்னைக்கு நீங்க வேலைக்கே போகலையே. முந்தின நாள் வடை தின்னது ஒத்துக்காம எங்க வீட்டுக் கட்டில்லதானே படுத்துக் கிடந்தீங்க?" அதற்கப்புறம் எங்கள் குடும்பத்தில் யார் பழைய கதை ஆரம்பித்தாலும், நான் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன் என்று ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள். மாமா இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

தம்பி கேட்பான்: "இதெல்லாம் தலையில வச்சுக்கிட்டு என்னக்கா பண்ணப்போற?" எனக்கும் தெரியாது. எதுவும் பண்ணுவதற்காக நான் வைத்துக்கொள்ளவில்லை. அவை இருக்கின்றன, அவ்வளவுதான்.

போன மழைக்காலம் முடிந்த சமயத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், செம்பூரில் இருக்கும் என் வீட்டுக்கு ஒரு பெண் வந்தாள். தம்பியிடம் நம்பர் வாங்கி, முதல்நாளே போன் செய்திருந்தாள். இந்தியில் ஆரம்பித்து, யார் மகள் என்று நான் கேட்டதும் தமிழுக்கு மாறினாள். தாராவியில் நாங்கள் இருந்த சந்தில் எங்களுக்கு நேர் எதிர்வீட்டுக் குழந்தை அவள். அவளுடைய அம்மாவை நான் சித்தி என்று கூப்பிடுவேன். சித்தி இறந்தபோது இவளுக்கு நாலு வயது இருக்கும். அப்பா, இவளை அம்பர்நாத்தில் இருந்த தன் அக்காவிடம் கொண்டுபோய் விட்டுவிட்டார். அத்தைதான் வளர்த்தாள். அப்பாவும் இப்போது இல்லை. இவள் காட்கோபரில் குடியிருக்கிறாள். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோகும் வேலை.

கதவைத் திறந்தபோது, தூக்கிக் கட்டிய கொண்டையும் பெரிய கிளிப்புமாக நின்றாள். ஏழு மாத வயிறு. தண்ணீர் குடித்தாள். ஃபேனைக் கூட்டச் சொன்னாள். பிறகு நேராக விஷயத்துக்கு வந்துவிட்டாள். எனக்கு அது பிடித்திருந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு உங்க தம்பி சொன்னாரு."

தம்பி அதைப் பாராட்டாகச் சொல்லியிருக்க வாய்ப்பில்லை. நான் கேட்கச் சொன்னேன்.

"எங்கம்மாவுக்கு என்னைப் பிடிக்காதா?"

கேட்டுவிட்டு அவளே தொடர்ந்தாள். "அத்தை எப்பவும் சொல்வாங்க. உங்கம்மா உன்னைத் தொடவே மாட்டா, எட்டித்தான் நிப்பான்னு. நீ ஓடிப்போய்க் கட்டிக்கப் பாத்தே, விளக்குமாத்தால தள்ளிவிட்டா, என் கண்ணால பாத்தேன்னு. அத்தை மோசம் இல்லக்கா, என்னை நல்லா வளர்த்தாங்க. முன்னாடி நான் இதையெல்லாம் கண்டுக்கல. இப்போ..." வயிற்றைக் காட்டினாள். "சோனோகிராஃபில தலை, கையி, காலு எல்லாம் காட்டுறாங்க. என் வீட்டுக்காரர் அழுறாரு. நான் சும்மா படுத்திருக்கேன். எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்குது. மத்லப், அதாவது, யாரோ ஒரு பேஷண்ட்டோட ரிப்போர்ட்டைப் பாக்குற மாதிரி இருக்கு. எங்கம்மாவும் இப்பிடித்தான் இருந்தாங்களா? அவங்ககிட்டருந்துதான் இது எனக்கு வந்துச்சா?"

எனக்கு முன்னால் என் அம்மாவிடம் போனில் கேட்டுப் பார்த்திருக்கிறாள். அம்மா தம்பி வீட்டில் இருக்கிறாள். "உங்கம்மை தங்கமான பொம்பளலா! பிள்ளைய இடுப்ப விட்டு எறக்கவே மாட்டா" என்று சொல்லியிருக்கிறாள். அம்மாவுக்குச் செத்துப்போனவர்கள் எல்லாருமே தங்கம்தான். உயிரோடு இருக்கும்போது குழாயடியில் தலைமுடியைப் பிடித்துச் சண்டை போட்டவர்கள்கூட, செத்த மறுநாளே தங்கமாகிவிடுவார்கள். இவளும் அதைப் புரிந்துகொண்டிருந்தாள். அதனால்தான் என்னிடம் வந்தாள்.

"விளக்குமாத்தால தள்ளினது நிஜம்தான். நானும் பாத்தேன்" என்றேன்.

அவள் முகம் இறுகிவிட்டது. நான் முதலில் அதைத்தான் சொல்லியாக வேண்டும். அதை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னால், இன்னொரு தங்கக் கதை என்றுதான் நினைப்பாள். "இரு, முழுசாச் சொல்றேன்" என்று ஆரம்பித்தேன்.

சந்து அகலமில்லாதது. எங்கள் வாசலில் உட்கார்ந்தால் எதிர்வாசலில் உட்கார்ந்திருப்பவரோடு குரல் உயர்த்தாமல் பேசலாம். நடுவில் சாக்கடை, அதன் மேல் எங்கள் வீட்டுக்கு ஒரு பலகை, அவர்கள் வீட்டுக்கு ஒரு கல். சித்தி நல்ல உடம்போடு இருந்தவரை, தண்ணீர் வரும் நேரத்தில் இரண்டு கையிலும் வேலை இருக்கும் என்பதால், முந்தானை நுனியைக் குழந்தையின் இடுப்பில் முடிந்துவிட்டுத்தான் டிரம்முக்கு டியூப் போடுவாள். அவள் நகரும் பக்கமெல்லாம் குழந்தையும் இழுபட்டுக்கொண்டே போகும். ஒருநாள் முடிச்சு எப்படியோ அவிழ்ந்து, இவள் சந்து முனைவரை போய்விட்டாள். தேடிப் பிடித்து இழுத்துவந்து, "எங்க போனே மூதி?" என்று முதுகில் ஒன்று வைத்தாள் சித்தி. அப்புறம் முடிச்சை முன்னைவிட இறுக்கமாகப் போட்டாள். இதையும் சொன்னேன். அடி வாங்கிய கதையைக் கேட்டு அவள் லேசாகச் சிரித்தாள்.

பிறகு சித்திக்கு இருமல் வந்தது. நெஞ்சுச் சளி என்று சொன்னார்கள். சளி என்றால் எங்கள் வீட்டில் எனக்கும்தான் வரும். ஆனால் சித்தி தனக்கென்று ஒரு டம்ளரை ஜன்னலில் தட்டு போட்டு மூடி வைத்துக்கொண்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசினாள். காலையில் வெறும் வயிற்றில், கை நிறைய மாத்திரை. பக்கத்திலேயே டிஸ்பென்சரி இருந்தும், முக்காடு போட்டுக்கொண்டு பஸ் ஏறி எங்கேயோ தூரமாகப் போய் வாங்கிவந்தாள். யாராவது கேட்டால், சொந்தக்காரர் வீட்டுக்குப் போனேன் என்பாள்.

இந்த இடத்தில் அவள் என்னை நிறுத்தினாள்.

"டி.பி." என்றாள். அவ்வளவு லேசாகச் சொன்னாள். "தினமும் அந்த டெஸ்ட்டுக்குக் குடுக்குற சளி டப்பாவை நான்தானக்கா கையில தூக்கிட்டு அலையிறேன். அத்தை ஏன் இதைச் சொல்லவே இல்ல?"

"அத்தைக்குத் தெரியாது. தெரியக் கூடாதுன்னுதான் அவ்வளவு பாடு."

இது நான் பெரியவளான பிறகு புரிந்துகொண்டது. அந்த நோயின் பெயர் வெளியே போனால், ரூம்காரர் காலி பண்ணச் சொல்லிவிடுவார். குழாய் வரிசையில் குடத்தைத் தள்ளி வைப்பார்கள். எல்லாவற்றையும்விட, புருஷன் வீட்டாருக்குத் தெரிந்துவிடக் கூடாது. இவள் அப்பாவுக்கும் எங்கள் அம்மாவுக்கும் மட்டும் தெரியும். அம்மா, "பிள்ளை எங்க வீட்டுலயே கெடக்கட்டும்" என்று இவளைக் கொண்டுவந்துவிட்டாள். இவள் எங்கள் வீட்டில் தின்றாள், என் பக்கத்தில் தூங்கினாள், என் பாவாடையில் ஒன்றுக்கிருந்தாள். ஏன் எதிர்வீட்டுப் பிள்ளை எங்கள் வீட்டில் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சித்திக்குச் சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

தினமும் காலையில் இவளுக்குத் தலைபின்னுகிற வேலை என் தலையில் விழுந்தது. சித்தி தன் வாசற்படியில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, எதிரிலிருந்து சொல்வாள். நான் எங்கள் படியில் பக்கவாட்டாக உட்கார்ந்து, குழந்தையைக் கீழ்ப்படியில் என் முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு பின்னுவேன். குழந்தையின் முகம் சந்தின் நீளத்தைப் பார்த்து இருக்க வேண்டும். அம்மாவைப் பார்த்தால் ஓடிவிடுவாள் என்று அப்படி உட்காரவைக்கச் சொன்னதும் சித்திதான்.

"ஏ பிள்ள, எண்ணெய இன்னுங் கொஞ்சம் வை."

"வகிட்ட நேரா எடுளா. கோணுது பாரு."

"அந்தச் சுழிகிட்ட இழுக்காத. அங்கனதான் அவளுக்கு வலிக்கும்."

எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிக்கொண்டிருக்கும். எரிச்சலாக வரும். ஒரு பக்கச் சடை பெரிதாகவும் மறுபக்கம் சின்னதாகவும் வந்துவிட்டால், விடவே மாட்டாள். அவிழ்த்து மறுபடி பின்னச் சொல்வாள். வந்து அவளே பின்ன வேண்டியதுதானே என்று எனக்குத் தோன்றும். எதிரில் உட்கார்ந்துகொண்டு என்ன இத்தனை அதிகாரம்?

இரண்டு சடையும் மடித்துக் கட்டி முடிந்ததும் ஒரு வழக்கம் இருந்தது. நான் குழந்தையின் தோளில் ஒரு தட்டு தட்டுவேன். அவள் தலையை இடப்பக்கம் திருப்பி, முகவாயைத் தூக்கிக் காட்டுவாள். ஓடிவிடாமலிருக்கச் சடை என் கைப்பிடியில் இருக்கும். சித்தி பார்ப்பாள். பார்த்து முடித்ததும், "சரி, விடு" என்பாள். சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விடுவாள். கதவு சாத்தின பிறகுதான் நான் சடையை விடுவேன்.

இது தினமும் நடந்தது. விளக்குமாறு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அன்று நான் பராக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு சடை பின்னியும் மறு பக்கம் விரித்தபடியும் இவள் என் முழங்காலிலிருந்து நழுவி ஓடிவிட்டாள். பலகையைத் தாண்டி, கையை விரித்துக்கொண்டு அம்மாவிடம் போனாள். சித்தி வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். பின்வாங்க இடமில்லை. கையில் இருந்த விளக்குமாற்றைக் குறுக்கே நீட்டி, இவள் நெஞ்சில் வைத்துத் தள்ளினாள். இவள் சாக்கடை ஓரச் சேற்றில் உட்கார்ந்து வீறிட்டாள். சரியாக அந்த நேரம் பார்த்து, அம்பர்நாத்திலிருந்து வந்த அத்தை கையில் திராட்சைப் பொட்டலத்தோடு சந்து திரும்பினாள்.

"நீயெல்லாம் ஒரு தாயாட்டி?" என்று கத்திக்கொண்டே அத்தை குழந்தையைத் தூக்கினாள். சந்து முழுக்க வெளியே வந்து பார்த்தது. சித்தி ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. என்ன சொல்வாள்? சொல்ல ஒரே ஒரு பதில்தான் இருந்தது, அதைச் சொல்ல முடியாது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அத்தை சாயங்காலம்வரை எங்கள் வீட்டில் இருந்து, கண்டபடி திட்டிவிட்டு, டிரெயினுக்குப் போய்விட்டாள்.

அவள் போனதும் எதிர்க்கதவு கொஞ்சமாகத் திறந்தது. "ஏ பிள்ள" என்று சித்தி கூப்பிட்டாள். "அந்த ரிப்பன அவுத்துட்டு வேற கெட்டு. சேறு பட்டுருக்கு."

கோடைக்கு முன்னால் சித்தி ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பி வரவில்லை.

"அத்தை பொய் சொல்லல" என்று இவளிடம் சொன்னேன். "அவங்க பாத்தது ஒரு ஞாயித்துக்கிழமை. நான் பாத்தது மத்த நாளெல்லாம்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சங்கடமாக இருந்திருக்கும். ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் இன்னொன்றைச் சொல்ல வாயெடுத்தேன். முடிவில் தோளில் தட்டி முகத்தைத் திருப்பிக் காட்டுகிற விஷயத்தை நான் இன்னும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. அதற்குள் அவள் போன் அடித்தது. அவள் கணவன். மாத்திரை போட்டாயா, எப்போது கிளம்புகிறாய் என்று கேட்டான் போலிருக்கிறது. இந்தியில் இரண்டு பதில் சொல்லி வைத்துவிட்டாள். வைத்ததும் அவள் கேட்டது வேறு:

"இப்பவும் அதே மாதிரி பின்ன வருமாக்கா?"

வராமல் என்ன. நான் சோபாவில் பக்கவாட்டாக உட்கார்ந்து, என் முன்னால் முக்காலியைப் போட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்து கிளிப்பை எடுத்தாள். தோளுக்குக் கொஞ்சம் கீழே வரும் முடி. பார்லரில் நீட்டிவிட்ட முடி. வேர்ப்பக்கம் மறுபடி அலை விழ ஆரம்பித்திருந்தது.

"எண்ணெய் கம்மியா வைங்கக்கா. டிரெயின்ல போகணும்."

"எண்ணெய இன்னுங் கொஞ்சம் வை" என்றேன். சித்தி சொல்கிற மாதிரியே வந்துவிட்டது. இத்தனை வருடம் செம்பூரிலும் மாட்டுங்கா ஆபீசிலும் இருந்து எனக்கு அந்த ஊர்ப் பேச்சு போய்விட்டது என்று நினைத்திருந்தேன்.

அவள் முதுகு நிமிர்ந்தது. "இது நீங்க சொல்றதா, அவங்க சொன்னதா?"

"அவங்க."

"அப்ப அவங்க சொன்னதையே சொல்லுங்க. நடுவுல நீங்க பேசாதீங்க."

சொன்னேன். வகிடு கோணுகிறது என்றேன். சீப்பு இடப்பக்கம், உச்சிக்குக் கொஞ்சம் கீழே போனபோது என் விரல் தானாக மெதுவாயிற்று. பார்ப்பதற்கு முன்பே கைக்குத் தெரிந்தது. அங்கே சுழி இருந்தது. பார்லர்காரியாலும் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. முடி அந்த இடத்தில் மட்டும் தன் இஷ்டத்துக்கு வளைந்து நின்றது. என் தலைக்குள் இருப்பவை எல்லாம் எனக்கு மட்டும் சொந்தமான பழைய சாமான் என்று இருந்துவிட்டேன். அதில் ஒன்று இன்னொருத்தி தலையில் இவ்வளவு காலம் இருந்திருக்கிறது.

"அந்தச் சுழிகிட்ட இழுக்காத" என்றேன். "அங்கனதான் அவளுக்கு வலிக்கும்."

"ஆமாக்கா, வலிக்கும்" என்றாள். குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. "இன்னிவரைக்கும் வலிக்கும். யாருக்குமே தெரியாது."

ரிப்பன் இல்லாததால் ரப்பர் பேண்டைப் போட்டேன். இரண்டு சடையும் ஒரே அளவாக வந்திருந்தன. சித்தி குறை சொல்லியிருக்க மாட்டாள். முடிந்தது என்று தோளில் ஒரு தட்டு தட்டினேன். யோசித்துச் செய்யவில்லை. கைப்பழக்கம்.

அவள் தலையை இடப்பக்கம் திருப்பினாள். முகவாயைத் தூக்கினாள். அப்படியே அசையாமல் இருந்தாள்.

அந்தப் பக்கம் எங்கள் வீட்டு ஃப்ரிஜ்ஜும் அதன் மேல் ஒரு பழைய காலண்டரும்தான் இருக்கின்றன. பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. சடை இரண்டும் இன்னும் என் கையில்தான் இருந்தன.

"ஏன் அங்க திரும்பினே?" என்று கேட்டேன்.

"தெரியல" என்றாள், முகத்தைத் திருப்பாமலே. "நீங்க தட்டினீங்கல்ல?"

அப்போதுதான் அதை அவளிடம் சொன்னேன். எதிர்ப்படியில் சித்தி உட்கார்ந்திருப்பதை, இவள் திரும்பிக் காட்டுவதை, பார்த்து முடித்ததும் "சரி, விடு" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து உள்ளே போவதை. கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கன்னத்தில் இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்கவில்லை. இரண்டு கையும் வயிற்றின் மேல் இருந்தன. முகவாயையும் இறக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "போதுமாக்கா?" என்று கேட்டாள்.

"சரி, விடு" என்று நான்தான் சொல்ல வேண்டும்.

"இரு" என்றேன். "இன்னும் பாத்து முடிக்கல."